கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்ல

2022 அக்டோபரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது. மெட்டாவின் எந்த விளம்பரத்திலும் வராத தகவல் அது. விற்பனையான குவெஸ்ட் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்களில் பாதிக்கு மேல், வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள் யாரும் தொடாமல் கிடந்தன. சில மாதங்கள் கழித்து இன்னொரு கசிவில், அதுவரை விற்ற குவெஸ்ட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2 கோடி என்று தெரிந்தது. உலகின் பரண்களிலும் அலமாரிகளிலும் எவ்வளவு கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தூங்குகிறது என்பதை இதிலிருந்து ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

பொருள் மட்டம் என்றால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அப்படி இல்லை. 1980களின் கடைசியில் ஜாரன் லானியரின் விபிஎல் நிறுவனம் விற்ற ‘ஐஃபோன்’ என்ற தலைக்கவசத்தின் விலை 9,400 டாலர். இது ஆப்பிள் ஃபோன் அல்ல. ‘ஐ’ என்பது இங்கே கண். அதை ஓட்டத் தேவைப்பட்ட கணினியின் விலை தனி. 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலர். அதற்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி வேண்டும். 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ் 299 டாலர்தான். கணினி வேண்டாம், வயர் வேண்டாம். தலையில் மாட்டி, கையில் இரண்டு கன்ட்ரோலரைப் பிடித்தால் போதும். அந்த 2024இல் மட்டும் மெட்டாவின் விஆர் பிரிவான ரியாலிட்டி லேப்ஸ் 1,770 கோடி டாலர் இயக்க நஷ்டம் காட்டியது. வாங்குகிறவருக்கு நஷ்டமோ இல்லையோ, விற்கிறவருக்கு நஷ்டம் என்பது கணக்கிலேயே இருக்கிறது.

ஆக, விலையும் குறைந்துவிட்டது, பொருளும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பரணுக்குப் போகிறது? பதில் கடையில் இல்லை. மனிதனின் கண்ணிலும் காதிலும் இருக்கிறது.

முதலில் கண். ஒரு பேனாவை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்க்கும்போது கண்கள் இரண்டு வேலை செய்கின்றன. இரண்டு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. கூடவே கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்து, குவியத்தை அருகே இழுக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த இரண்டும் சேர்ந்தே நடப்பதால், மூளை இவற்றை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. விஆர் ஹெட்செட்டில் அந்தக் கயிறு அறுகிறது. திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் உள்ள லென்ஸ், அந்தப் பிம்பத்தை ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல் காட்டுகிறது. அந்தத் தூரம் மாறாது. மெய்நிகர் பேனா மூக்கு நுனிக்கு வந்தாலும், மெய்நிகர் மலை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், கண்ணின் வில்லை அதே ஒன்றிரண்டு மீட்டரில்தான் குவிய வேண்டும். விழிகள் மட்டும் உள்ளே, வெளியே என்று திரும்பிக்கொண்டிருக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்த முரண்பாடு கண் சோர்வைக் கூட்டுகிறது, முப்பரிமாணத்தைக் கூர்ந்து உணர்வதையும் தடுக்கிறது என்று காட்டியது. கடையில் விற்கும் எந்த ஹெட்செட்டிலும் இதற்கு இன்னும் முழுத் தீர்வு வரவில்லை. 299 டாலருக்கு வாங்கினாலும் சரி, 3,499 டாலருக்கு வாங்கினாலும் சரி.

இதனால் நடைமுறையில் விளைவது என்ன? கைக்கெட்டும் தூரத்தில், சிறிய எழுத்தை நெடுநேரம் படிக்கிற வேலைக்கு விஆர் தோதாக இல்லை. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நடக்கும் காரியத்துக்குத் தோதாக இருக்கிறது. ‘அலுவலகமே கண் முன்னால்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

அடுத்து, வீட்டிலேயே சினிமா தியேட்டர் என்கிற ஆசை. ஹெட்செட் வாங்குகிறவர்களில் பலர் மனத்தில் இருப்பது இதுதான். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண், ஒரு பாகைக்குள் சுமார் 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். குவெஸ்ட் 3இன் திரை ஒரு கண்ணுக்கு 2,064க்கு 2,208 புள்ளிகள். கேட்டால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய 110 பாகை அகலக் காட்சி முழுவதற்கும் பரவியாக வேண்டும். மையத்தில் ஒரு பாகைக்குக் கிடைப்பது சுமார் 25. மெய்நிகர் தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்து 60 பாகை அகலத் திரையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 25ஆல் பெருக்கினால் 1,500 புள்ளிகள். வரவேற்பறையில் இருக்கும் சாதாரண ஃபுல் எச்டி டிவியின் குறுக்கே 1,920 புள்ளிகள் உண்டு. வெளிவந்தபோது 500 டாலர் விலையிருந்த கருவியை வாங்கி, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையை முகத்தில் கட்டிக்கொண்டு, டிவியைவிட மங்கலான படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் இதில் கிடைக்கும் தியேட்டர். விலை குறைந்த 3எஸ்-இல் கணக்கு இன்னும் இறங்கி, பழைய எச்டி தரத்தை ஒட்டி நிற்கும். ஆப்பிளின் விஷன் புரோவில் ஒரு பாகைக்குச் சுமார் 34 புள்ளிகள் என்பதால் அது டிவியை எட்டிவிடுகிறது. ஆனால் 2024இல் வந்தபோது அதன் விலை 3,499 டாலர், எடை 600 கிராமுக்கு மேல், பேட்டரி தனியாகச் சட்டைப் பையில்.

விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர், படுத்தபடுக்கையாக இருக்கிறவர், ஒரே அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கிறவர் ஆகியோருக்கு இந்தத் தனித்திரை பயன்படலாம். மற்றவர்கள் அதே பணத்துக்கு டிவி வாங்கிக்கொள்வது நல்லது.

இனி காது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அவற்றுக்குள் இருக்கும் திரவம் பின்தங்கி, மயிர்போன்ற உணரிகளை வளைக்கிறது. மூளை அதைத் திருப்பமாக உணர்கிறது. நேர்கோட்டில் வேகம் கூடுவதையும் குறைவதையும் பக்கத்தில் உள்ள நுண்ணிய கற்கள் உணர்த்துகின்றன. கொடைக்கானல் மலைப் பாதையில் பேருந்துக்குள் புத்தகம் படிப்பவருக்கு வயிற்றைப் புரட்டுவது இவற்றால்தான். காது ‘வளைகிறோம், திரும்புகிறோம்’ என்கிறது; புத்தகத்தைப் பார்க்கும் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. விஆரில் நடப்பது இதன் தலைகீழ். கண் ஓடுகிறது, காது உட்கார்ந்திருக்கிறது. முரண்பாடு என்னவோ ஒன்றுதான். இந்தப் பொருத்தமின்மைக்கு மூளை ஏன் வாந்தியைப் பதிலாகத் தருகிறது என்பதற்கு 1977இல் மிஷெல் டிரெய்ஸ்மன் ஒரு கருதுகோள் சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் ஒத்துப்போகாமல் போவது பெரும்பாலும் நஞ்சு உள்ளே போனபோதுதான்; ஆகவே உடல் வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது. கருதுகோள்தான், ஆனாலும் ரசிக்கத்தக்கது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை உடல் விஷம் என்று எடுத்துக்கொள்கிறது!

பொறியாளர்கள் இதில் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். தலையைத் திருப்பியதிலிருந்து படம் மாறுவதற்கு ஆகும் தாமதம் 20 மில்லிநொடிக்குள் இருந்தால் மூளை பொறுத்துக்கொள்கிறது. இன்றைய கருவிகள் அதைச் சாதிக்கின்றன. ஹெட்செட்டின் வெளிப்புறத்தில் உள்ள கேமராக்கள் அறையின் மூலை முடுக்குகளைக் கவனித்து, தலை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணிக்கின்றன. குனிந்தால் காட்சியும் குனியும், எட்டிப் பார்த்தால் மேசைக்கு அடியில் இருப்பது தெரியும்.

மலிவான விஆர் கைவிடுவது இந்த இடத்தில்தான். 2014இல் கூகுள் வெளியிட்ட அட்டைப்பெட்டி ‘கார்ட்போர்ட்’டும் சரி, 2023 ஏப்ரலில் ஐபிஎல் பருவத்தில் ஜியோ 1,299 ரூபாய்க்கு விற்ற ஜியோடைவும் சரி, உள்ளே வைக்கும் செல்ஃபோனின் உணரிகளை மட்டும் நம்பி இருப்பவை. தலை திரும்புவது அவற்றுக்குத் தெரியும். தலை நகர்வது தெரியாது. முன்னால் சாய்ந்தால் மைதானமே கூடச் சேர்ந்து முன்னால் நகரும். காது ஒன்று சொல்ல, கண் வேறு சொல்லும். ‘விஆர்னா இவ்வளவுதானா, தலை சுத்துது’ என்று பலர் முடிவு கட்டியது இப்படி ஒரு கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான். அந்த முடிவு விஆரைப் பற்றியது அல்ல; ஆனால் அந்த 1,299 ரூபாயைப் பொறுத்தவரை சரியான முடிவு.

மீதிப் பாதியைப் பொறியாளர்களால் தீர்க்க முடியாது. கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி மெய்நிகர் தெருவில் ‘நடந்தால்’, கால் நிற்கிறது, கண் போகிறது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் இந்த முரண்பாடு அப்படியே இருக்கும். பழகப் பழகச் சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையவே குறையாது. எனவே விஆர் மென்பொருளைத் தரம் பிரிக்க நிறுவனங்கள் தரும் நட்சத்திரங்களைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. திரையில் நடப்பதும் உடல் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா? இருந்தால் பணம் செரிக்கும். இல்லையென்றால் பரண்.

பீட் சேபரை எடுத்துக்கொள்வோம். செக் குடியரசின் பிராகைச் சேர்ந்த சிறு குழு 2018 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு. அடுத்த ஆண்டே ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்தக் குழுவின் நிறுவனத்தை வாங்கிவிட்டது. விளையாடுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஒரு கையில் சிவப்பு ஒளிவாள், மறு கையில் நீல ஒளிவாள். பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கட்டைகள் அவரை நோக்கிப் பறந்து வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஓர் அம்புக்குறி. அது காட்டும் திசையில் வெட்ட வேண்டும். வெட்டு விழும் நொடியில் கன்ட்ரோலர் சிறிதாய் அதிரும். தலைக்கு நேராகச் சுவர் வந்தால் நிஜமாகவே குனிய வேண்டும். இங்கே கை வீசியது கைதான், குனிந்தது முதுகுதான். காதுக்குப் புகார் சொல்ல எதுவும் இல்லை. மூன்று பாட்டு முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டி நாலு நாள் போய் நிறுத்திய ஒருவர், இதை வாரத்தில் ஐந்து நாள் விளையாடினால், அவருக்கு ஹெட்செட் மலிவுதான். நம் ஊரில் சின்னதாக ஒரு சங்கடம்: கையை உயர்த்தி வீசுகிற விளையாட்டு என்பதால் தாழ்வான கூரை உள்ள வீடுகளில் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லெவன் டேபிள் டென்னிஸ் இன்னும் துல்லியமானது. பந்தின் சுழற்சி, மட்டையின் கோணம் எல்லாம் நிஜ விதிப்படி கணிக்கப்படுகின்றன. எதிரே ஆடுகிறவர் வேறொரு கண்டத்தில் இருக்கலாம். அதில் மூழ்கியவர்கள், புள்ளி முடிந்ததும் அங்கே இல்லாத மேசையில் கையை ஊன்றப் போய்த் தடுமாறி விழுவது அடிக்கடி நடக்கிற காரியம். மூளை எவ்வளவு நம்பிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விமானி அறை விளையாட்டுகளும் இந்தக் கணக்கில் தேறுகின்றன. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு 2020 டிசம்பரில் விஆர் வசதி வந்தது. நிஜ விமானியும் உட்கார்ந்துதான் இருக்கிறார், ஆடுகிறவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார். சுற்றிலும் அசையாத விமானி அறை கண்ணுக்குப் பிடிமானம் தருகிறது. ஓடுபாதையை ஜன்னல் வழியே திரும்பிப் பார்க்க முடிவது தட்டைத் திரையில் கிடைக்காத ஒன்று. ஆனால் இதற்கு விலை வேறு: வலுவான கணினி, ஜாய்ஸ்டிக், பொறுமை. ஹெட்செட் விலை இங்கே மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

வால்வ் நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ இந்த அளவுகோலை உணர்ந்து செய்யப்பட்ட படைப்பு. துப்பாக்கியில் குண்டு தீர்ந்தால் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஒரு மேகசினை எடுத்து, கைப்பிடிக்குள் செருகி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அதற்குள் எதிரே வருவது வந்துவிடும். தொடக்கத்திலேயே ஒரு கண்ணாடிச் சுவரும் சில மார்க்கர் பேனாக்களும் இருக்கின்றன. ஊரடங்கில் பள்ளி மூடியிருந்தபோது, சான் டியேகோவைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர் அந்த விளையாட்டுக்குள் நுழைந்து, அந்தக் கண்ணாடியில் கோணங்களை வரைந்து பாடம் நடத்திப் பதிவு செய்தார். ஆயுதங்களை விட்டுவிட்டுக் கரும்பலகையைத் தேடிப்போன அவர், அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கே சில விஷயங்களைச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் என்கிற அடிப்படையே வேலை செய்யும் இடம் மருத்துவம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென அனுமதித்த லூமினோபியா, சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சை. பிள்ளை ஹெட்செட்டில் கார்ட்டூன் பார்க்கிறது. நல்ல கண்ணுக்குப் போகும் படத்தின் வெளிச்ச வேறுபாடு குறைக்கப்படுகிறது. பலவீனமான கண் உழைத்தே தீர வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், 12 வாரம். மருத்துவத்தில் விஆருக்கு முன்னோடி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் உருவாக்கிய ஸ்னோவேர்ல்ட். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பென்குயின்கள்மேல் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். வலி குறைவதாக நோயாளிகள் சொன்னது மட்டுமல்ல; ஆரோக்கியமானவர்களுக்குச் சூடு கொடுத்துச் செய்த 2004ஆம் ஆண்டு மூளை ஸ்கேன் ஆய்வில், வலி தொடர்பான பகுதிகளின் செயல்பாடு குறைந்ததும் தெரிந்தது. இவை கடையில் வாங்கி வீட்டில் செய்துகொள்கிற வைத்தியம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்கத் தீர்மானித்தவர் கவனிக்க வேண்டிய சில்லறைச் சங்கதிகள் உண்டு. இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். குவெஸ்ட் 3எஸ்-இல் லென்ஸை 58, 63, 68 என மூன்றே நிலைகளில் வைக்கலாம். இடைப்பட்டவர்களுக்கு ஓரளவு மங்கலும் தலைவலியும் மிச்சம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அளவெடுத்த லென்ஸ் தனிச் செலவு. பெட்டியோடு வரும் தலைப்பட்டை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நல்லதை வாங்க வேண்டியிருக்கும். ஆடுவதற்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். பல அடுக்குமாடி வீடுகளில் ஹெட்செட்டைவிட விலை அதிகமான பொருள் அதுதான். பிறகு வெயில். ஹெட்செட்டை லென்ஸ் வெளியே பார்க்கும்படி ஜன்னலோரம் வைத்தால், அந்த லென்ஸே பூதக்கண்ணாடியாகி, சூரிய ஒளியைத் திரைமேல் குவித்துச் சுட்டுவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது, உத்தரவாதமும் கிடையாது. பழையது வாங்குகிறவர்கள் வெள்ளைத் திரையைப் போட்டு, மஞ்சள் அல்லது கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் தாண்டி ஒரு செலவு இருக்கிறது. அது ரசீதில் வராது. கருவியின் ஆயுளை முடிவு செய்வது அதன் லென்ஸோ பேட்டரியோ அல்ல, நிறுவனத்தின் மனநிலை. 2020இல் குவெஸ்ட் 2 வாங்கியவர் ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைத் திறக்கவே முடியாது. ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டால் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் கைக்கு எட்டாமல் போகும். எதிர்ப்பு வலுத்து, 2022 ஆகஸ்டில்தான் மெட்டா அந்த நிபந்தனையை விட்டது. 2019 மே மாதம் 399 டாலருக்கு வந்த முதல் குவெஸ்டுக்குப் புதிய வசதிகள் இனி இல்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்தது.

இந்த வரிசையில் மோசமானது எச்பி ரிவெர்ப் ஜி2இன் கதை. 2020 நவம்பரில் வந்த இதன் விலை 599 டாலர். அந்தக் காலத்தில் எழுத்து இவ்வளவு தெளிவாகத் தெரியும் ஹெட்செட் குறைவு என்பதால் விமான சிமுலேட்டர் பிரியர்கள் விரும்பி வாங்கினார்கள். அது ஓடியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற தளத்தின்மேல். 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தத் தளத்தைக் கைவிடுவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது இல்லவே இல்லை. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் ஹெட்செட் வெறும் கண்பட்டையாகிவிட்டது. லென்ஸில் கீறல் இல்லை, திரையில் பழுது இல்லை, வயர்கூடப் புதிதாகவே இருந்தது.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. வால்மார்ட் 2018இல் தன் ஊழியர் பயிற்சிக்காக 17,000 ஆக்குலஸ் கோ ஹெட்செட்களைக் கடைகளுக்கு அனுப்பியது. ஃபேஸ்புக் இரண்டே ஆண்டில் அந்த மாடலின் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே ஆலோசகராக இருந்த ஜான் கார்மாக் விடாமல் வலியுறுத்தியதால், 2021இல் கோவின் பூட்டைத் திறந்துவிடும் மென்பொருளை வெளியிட்டார்கள். வாங்கியவர் அதில் தன் இஷ்டப்படி எதையும் ஏற்றிக்கொள்ளலாம். ரிவெர்ப்புக்கு அப்படி எதையும் மைக்ரோசாஃப்ட் செய்யவில்லை. அங்கே பணியாற்றிய ஒரு பொறியாளர் தன் சொந்த நேரத்தில் எழுதிய ‘ஓயாசிஸ்’ என்ற டிரைவர் 2025இல் இலவசமாக ஸ்டீமில் வந்தது. பழைய ஹெட்செட்கள் மறுபடி எரியத் தொடங்கின. வெளியானபோது அது வேலை செய்தது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஏஎம்டி கார்டு வாங்கியவர்கள் கார்டை மாற்ற வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஆதரவு முடியும் 2026 நவம்பர் வரை விண்டோஸின் பழைய பதிப்பிலேயே ஓட்ட வேண்டியிருந்தது.